குறியும் பெயரில் சேர்த்திதான்: இசைச் செயலிகளின் பட்டியல் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளில் பாடகர்கள், குழுக்கள் பெயரைப் பதிவு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக மேற்கத்திய ராக், பாப் பாட்டுகளைக் கேட்டு வருகிறேன். ஒரு முறை, சேர்த்து வைத்திருந்த சிடிக்களை எல்லாம் உட்கார்ந்து கணினிக்கு மாற்றினேன். முடித்துவிட்டுப் பட்டியலைத் திறந்தால் ஏசி/டிசி என்ற குழுவையே காணோம். ‘ஏசி’ என்று ஒரு பாடகர், ‘டிசி’ என்று இன்னொரு பாடகர். கீழே போகப் போக, எர்த், விண்ட் & ஃபயர் குழுவும் உடைந்து கிடந்தது. எர்த் ஒரு பக்கம், விண்ட் & ஃபயர் வேறு பக்கம். ஒரு காற்புள்ளி செய்த வேலை. அன்றிலிருந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஏசி/டிசி உடைந்ததன் காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. எம்பி3 கோப்புக்குள் பாடியவர் பெயரை எழுதிவைக்க ஐடி3 என்றொரு முறை இருக்கிறது. ஒரு பாட்டைப் பலர் பாடியிருந்தால் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட வேண்டும் என்று 1999-இல் வந்த அதன் 2.3 பதிப்பு சொன்னது. 1973-இல் சிட்னியில் தொடங்கிய, உலகமே அறிந்த ஒரு குழு பெயரிலேயே சாய்கோடு வைத்திருப்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு வந்த 2.4 பதிப்பில் அதை மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் எழுதிய கோப்புகள் மட்டும் இன்னமும் புழங்குகின்றன.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது தெரியுமா? குழுவைத் தொடங்கிய யங் சகோதரர்களின் அக்கா மார்கரெட், தையல் மெஷினில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்ன பெயர் அது. இரண்டு வகை மின்சாரத்துக்கு நடுவே நிற்கும் கோடு. பின்னால் அவர்களுடைய ஆல்பம் உறைகளில் அதுவே மின்னல் கீற்றாக மாறியது. அதை எடுத்துவிட்டு அடிக்கோடு போட்டு ‘ஏசி_டிசி’ என்று ஒரு கோப்புறையில் பார்க்கும்போது, தெரிந்தவர் ஒருவரின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் தப்பாக அச்சடித்ததைப் பார்ப்பது போல இருக்கிறது.

சரி, அது கணினி செய்த குளறுபடி. ‘தி’ விஷயத்தில் தப்பு செய்வது நாம்தான். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்னச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் கிடையாது. கட்டுரையின் நடுவில் ‘பீட்டில்ஸ்’ என்று மட்டும் எழுதினால் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை. அப்படி எழுதுவதுதான் தமிழுக்கு இயல்பும்கூட. ஆனால் பட்டியலில் இருப்பது குழுவின் பெயர். அங்கே ‘தி’யைச் சேர்ப்பதோ விடுவதோ குழுவின் முடிவாக இருக்க வேண்டும், பட்டியல் போடுகிறவருடைய வசதியாக இருக்கக் கூடாது.

ஈகிள்ஸ் குழுவின் கிளென் ஃப்ரே தங்கள் பெயரில் ‘தி’ கிடையாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீவ் மார்ட்டின் இதைத் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். டாக்கிங் ஹெட்ஸ் குழுவுக்கும் இதே தொல்லைதான். 1982-இல் வந்த அவர்களுடைய நேரடி நிகழ்ச்சி ஆல்பத்துக்கு, ‘இந்தக் குழுவின் பெயர் டாக்கிங் ஹெட்ஸ்’ என்று பொருள்படத் தலைப்பே வைத்தார்கள். ஒரு குழு ஆல்பத்தின் தலைப்பிலேயே இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை சுவரொட்டிகளில், எத்தனை வானொலி அறிவிப்புகளில் அந்தப் பெயர் தப்பாக வந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இதற்கு நேர்மாறாக, லண்டனில் 1979-இல் மாட் ஜான்சன் ஆரம்பித்த குழுவின் பெயர் ‘தி தி’. அவ்வளவுதான், வேறு சொல்லே கிடையாது. பெயரின் முன்னால் வரும் ‘தி’யைக் கணக்கில் எடுக்காமல் அகரவரிசைப்படுத்துவது நூலகங்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்தான். அதை யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் பூட்டினால் இந்தக் குழுவுக்குப் பாதிப் பெயர்தான் மிஞ்சும். லாஸ் ஏஞ்சலஸின் ‘லோஸ் லோபோஸ்’ பெயரில் ‘லோஸ்’ என்பதே ஸ்பானிய மொழியின் ‘தி’. அதற்கு முன்னால் இன்னொரு ‘தி’ போட்டால் நம் ஊர் ‘நடு சென்டர்’ கதைதான். ஜெர்மனியின் ‘டீ டோட்டன் ஹோசன்’ குழுவின் ‘டீ’யும் அப்படியே. அகரவரிசைக்காக ‘தி’யை ஒதுக்குகிறவர்கள் ‘லோஸ்’, ‘டீ’ இரண்டையும் ஒதுக்காமல், பெயரின் முதல் சொல்லாகவே எண்ணிக்கொள்கிறார்கள். விதி என்றால் எல்லா மொழிக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

மேற்கோள் குறி மாதிரி மேலே தொங்கும் அந்த ஒற்றைக் குறிக்கு வருகிறேன். இதுதான் அதிகமாகக் காணாமல் போகிறது. லிவர்பூலின் ‘தி லா’ஸ்’ குழுவின் பெயரில், பையன்கள் என்ற பொருளுள்ள ‘லாட்ஸ்’ என்ற சொல் அந்த ஊர்ப் பேச்சில் தேய்ந்து நிற்கிறது. விழுந்துபோன எழுத்தின் இடத்தை அந்தக் குறி காட்டுகிறது. அதை அழித்தால் லிவர்பூல்காரர்களின் பேச்சு வாடையும் போய்விடும். கன்ஸ் அன்’ ரோசஸ் பெயரில் இரண்டு குறி போடுகிறவர்கள் உண்டு, ஒன்றுமே போடாதவர்களும் உண்டு. குழு வைத்தது ஒன்றுதான்.

ஆச்சரியக்குறியில் சில குழுக்கள் மனம் மாறியிருக்கிறார்கள், உங்கள் பட்டியல் அதையும் காட்ட வேண்டும். பானிக்! அட் தி டிஸ்கோ 2008-இல் குறியை எடுத்துவிட்டு ஒரு ஆல்பம் வெளியிட்டது, 2009-இல் திரும்ப வைத்துக்கொண்டது. மான்ட்ரியாலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் தன் பெயரை, ஜப்பானின் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றைப் பற்றிய 1976 ஆவணப்படத்திலிருந்து எடுத்தது. முதலில் கடைசியில் இருந்த குறியைப் பின்னால் ‘யூ’வுக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். எல்லா ஆல்பத்துக்கும் இன்றைய பெயரையே ஒட்டிவிட்டால் இந்த வரலாறு கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் மோட்டர்ஹெட், மோட்லி க்ரூ போன்றவர்கள் ரோமன் எழுத்தின் தலையில் வைக்கும் இரட்டைப் புள்ளி. ஜெர்மன் மொழியில் அது ஒலியை மாற்றும், இவர்கள் தோற்றத்துக்காக வைத்தார்கள். அதனால் விட்டுவிடலாம் என்று வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் உ.வே.சா. பட்ட பாட்டைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். புள்ளி வேண்டுமா என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது செய்ய முடியாத காரியம் இல்லை. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம், காட்டுவதற்கு ஒரு பெயர், அகரவரிசைக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைக்கிறது. ஆல்பத்தில் அச்சான பெயரையும் அந்தந்த ஆல்பத்தோடு பதிவு செய்ய அங்கே இடமுண்டு. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கேட்கிறவர் அவசரத்தில் குறி இல்லாமல் தட்டினாலும் குழு கிடைக்கட்டும், கிடைத்த பெயர் மட்டும் குறியோடு தெரியட்டும். தமிழ் எழுத்தில் பெயரைக் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். சாய்கோடும் காற்புள்ளியும் எந்த எழுத்திலும் நிற்கும்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். 1996-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் தொடங்கிய ஒரு குழுவின் பெயர் ‘!!!’. ஒரு படத்தின் வசன வரிகளில், ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி மொழி ஒன்றின் நாக்கைச் சொடுக்கும் ஒலியை ஆச்சரியக்குறியால் எழுதியிருந்தார்கள். அதிலிருந்து வந்த பெயர். அதை உச்சரிக்க ஏதாவது ஒரு சிறு ஒலியை மூன்று முறை சொன்னால் போதும், பெரும்பாலும் ‘ச்க் ச்க் ச்க்’ என்பார்கள். உங்கள் தேடல் பெட்டியில் மூன்று ஆச்சரியக்குறிகளை மட்டும் தட்டிப் பாருங்கள். வெறும் பக்கம் வந்தால் தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் செயலிகளில் தினமும் பாட்டுக் கேட்கும் ஒருவர்