விசில் ஊதாத கான்ஸ்டபிள்

சார்லட்,
வடக்கு கரோலினா.

அன்புள்ள இசக்கிக்கு,

ஏலே, உனக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறதாம். எனக்குப் போன வாரம்தான் தெரியும். அதுவும் யார் சொல்லி? தூக்குச்சட்டி சொல்லி! அவனுக்குத் தெரிந்த சங்கதி எனக்குத் தெரியவில்லை என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பார்த்தால், பொங்கலுக்கு நீ அனுப்பிய செய்திக்கே நான் பதில் போடவில்லை. இதில் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? போனை இரண்டு தடவை எடுத்தேன், எடுத்து வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ "சவத்தை விடுல" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ குறுக்கே பேசாமல் அதைக் கேட்க வேண்டும் என்றால் கடிதம்தான் தோது.

இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு வேலை, மருமகனுக்கு அதைவிட வேலை. பேத்திக்குத் தமிழ் புரியும், வாயைத் திறக்க மாட்டாள். செல்லம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த வலியிலும் என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. விசாரிப்பு முடிந்தது.

பகல் முழுக்க வீட்டில் நான், செல்லம்மா, டிவி. பழைய சீரியலாகவே போடும் சேனல் ஒன்று இருக்கிறது. முதலில் பொழுது போகாமல் பார்த்தேன். இப்போது சாப்பாட்டு நேரத்தையே அதற்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். எல்லாம் நாம் பிறப்பதற்கு முன்னாலும் டவுசர் போட்ட காலத்திலும் எடுத்தவை. நான் அதில் கதாநாயகனைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நிற்கிறானே, அந்த ரெண்டாம் ஆள், அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் அதற்கு 'சைட்கிக்' என்று பெயர். நம்மூரில் எடுபிடி, தோஸ்து, கூட்டாளி, அல்லக்கை என்று என்ன சொன்னாலும் அந்த உருவம் முழுசாக வராது.

'தி ஹனிமூனர்ஸ்' என்று ஒன்று, 1955-56இல் வந்தது, மொத்தமே 39 வாரம். ரால்ஃப் நியூயார்க்கில் பஸ் ஓட்டுகிறவன், குண்டன், முன்கோபி. நடித்தவர் ஜாக்கி கிளீசன். மாடி வீட்டு நார்ட்டன் சாக்கடைக்குள் இறங்கி வேலை பார்க்கிறவன், ஆர்ட் கார்னி. ஒரு கதையில் ரால்ஃப் டிவி வினாடி வினாவில் கலந்துகொள்கிறான். பாட்டைக் கேட்டு விவரம் சொல்ல வேண்டும். ராப்பகலாகப் படிக்கிறான். பியானோ வாசித்துக் காட்டுவது நார்ட்டன். ஆனால் நார்ட்டனுக்கு ஒரு வழக்கம். எந்தப் பாட்டை வாசிப்பதற்கு முன்னாலும் கை சூடேற ஒரே ஒரு மெட்டை ஒரு வரி வாசித்துக்கொள்வான். ரால்ஃபுக்கு அது எரிச்சல், ஒவ்வொரு தடவையும் காட்டுக் கத்தல். போட்டி நாள் வருகிறது. முதல் கேள்வி, அதே மெட்டு! இதை எழுதியவர் யார்? ரால்ஃப் முழிக்கிறான், வேர்க்கிறது, கடைசியில் "எட் நார்ட்டன்" என்கிறான். நான் சிரித்த சிரிப்பில் செல்லம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

எல்லாம் சிரிப்பாகவும் இல்லை. 'லோன் ரேஞ்சர்' 1949இலிருந்து 1957 வரை ஓடியது. முகமூடி போட்ட வெள்ளைக்காரனுக்குத் துணையாக டோண்டோ என்ற பூர்வகுடி ஆள். நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் நிஜமாகவே கனடாவில் பிறந்த மோஹாக் இனத்துக்காரர், லக்ராஸ் விளையாட்டில் பெயர் எடுத்தவர். அவர் வாயில் அந்தக் கொச்சை ஆங்கிலத்தை, 'நான் போக, நீ இரு' என்கிற தினுசில், எட்டு வருஷம் வைத்தார்கள். நடுவில் சம்பளத் தகராறோ என்னவோ, முகமூடிக்குள் ஆளே மாறினான். அப்புறம் பழைய ஆளே திரும்பி வந்தான். டோண்டோ மட்டும் முதலிலிருந்து கடைசி வரை அதே ஆள். ஸ்பானிஷில் 'டோண்டோ' என்றால் முட்டாள் என்று அர்த்தமாம். அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

'ஐ லவ் லூசி'யில் எத்தல் என்று பக்கத்துவீட்டு வேஷம் போட்ட விவியன் வான்ஸும் அப்படித்தான். 1954இல் துணை நடிகைக்கான எம்மி விருது, டிவிக்காரர்களுக்குக் கொடுப்பது, வாங்கினாள். ஆனால் தெருவில் போனால் எல்லாரும் எத்தல், எத்தல் என்றே கூப்பிட்டார்களாம். அடுத்த சீரியலுக்குக் கூப்பிட்டபோது, என் பாத்திரத்துக்கு என் சொந்தப் பெயர் விவியன்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ'. 1960இல் ஆரம்பித்து 1968 வரை. மேபெரி என்று கற்பனையாக ஒரு சின்ன ஊர், இதே வடக்கு கரோலினாவில். ஆண்டி அந்த ஊர் ஷெரிஃப், அதாவது போலீஸ் அதிகாரி. பேர்தான் ஆண்டி, ஊருக்கு அவன்தான் ராஜா. அவனுக்குக் கீழே உதவி ஷெரிஃப் பார்னி ஃபைஃப். ஒல்லி, கழுத்தில் குரல்வளை மட்டும் தனியாக ஏறி இறங்கும், கண் ரெண்டும் வெளியே வந்துவிடும். துப்பாக்கியை எடுத்தால் தெரியாமல் சுட்டுவிடுவான் என்பதால் ஆண்டி அவனுக்கு ஒரே ஒரு தோட்டாதான் கொடுத்திருக்கிறான். அதையும் துப்பாக்கியில் போடக் கூடாது, சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பார்னி அந்தப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும்போது உன் ஞாபகம் வரவில்லை என்றால் நான் மனுஷன் இல்லை. உன் விசில்!

இதில் ஒரு காட்சி. நாட்டின் அரசியலமைப்பு முகப்புரை தனக்குத் தலைகீழ்ப் பாடம் என்கிறான் பார்னி. பள்ளிக்கூடத்தில் படித்ததாம், இன்னும் அப்படியே இருக்கிறதாம். சொல்லு பார்ப்போம் என்கிறான் ஆண்டி. பார்னி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறான். முதல் சொல்லே வரவில்லை. ஆண்டி ஒரு சொல் எடுத்துக் கொடுக்க, அவன் அதைப் பிடித்துக்கொள்கிறான். அடுத்ததும் இல்லை. கடைசி வரை சொல் சொல்லாக ஆண்டிதான் கொடுக்கிறான். முடிந்ததும் பார்னி முகத்தில் முழுசையும் தானே சொன்ன பெருமை. அதில் நான் பார்னியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், ரெண்டாம் தடவை போட்டபோதுதான் ஆண்டியைப் பார்த்தேன். அவன் சிரிக்கவே இல்லை. வாத்தியார் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் ஒரு தடவை சிரித்திருந்தால் காட்சி கெட்டுப் போயிருக்கும்.

இன்னொன்றில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து திண்ணை மாதிரி வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்னி சொல்கிறான்: வீட்டுக்குப் போகணும், ஒரு தூக்கம் போடணும், அப்புறம் காதலி தெல்மா லூ வீட்டுக்குப் போய் டிவி பார்க்கணும். சொல்லிவிட்டு அசையவே மாட்டான். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொல்வான். கார் ரிப்பேராகி அங்கே மாட்டிக்கொண்ட அவசரக்கார முதலாளி ஒருத்தனுக்குப் பைத்தியமே பிடித்துவிடும். உங்கள் வீட்டுத் திண்ணையில் நாம் ரெண்டாம் ஆட்டத்துக்குப் போகக் கிளம்பிய லட்சணம் ஞாபகம் இருக்கா?

ஆண்டி கிரிஃபித்தின் சொந்த ஊர் மவுன்ட் ஏரி. இங்கிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்தான். மருமகனை நச்சரித்துப் போன மாதம் போய் வந்தோம். ஊரே மேபெரியாக வேஷம் கட்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் போலீஸ் காரில் சைரன் போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். நானும் ஏறினேன், பேத்தி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கே ஒரு வெண்கலச் சிலை. ஆண்டியும் அவன் மகன் ஓப்பியும் தூண்டிலோடு நடந்து போகிறார்கள். அந்தச் சிலையில் பார்னி இல்லை. பார்னியாக நடித்த டான் நாட்ஸுக்கு அவர் பிறந்த ஊரில், மேற்கு வர்ஜீனியாவில் மார்கன்டவுனில், 2016இல்தான் சிலை வைத்தார்கள். உட்கார்ந்த சிலை, கையில் தொப்பி.

வீட்டுக்கு வந்து இவர்கள் கதையைத் தேடிப் படித்தேன். உதவிக்கு ஓர் ஆள் வேண்டாமா என்று நாட்ஸ்தான் கிரிஃபித்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், முன்னால் ஒன்றாக நாடகத்தில் நடித்த பழக்கத்தில். முதலில் சிரிக்க வைக்கிற வேஷம் ஆண்டிக்குத்தான். ரெண்டாவது கதை எடுக்கும்போதே கிரிஃபித்துக்குத் தெரிந்துவிட்டதாம், கூட்டம் சிரிக்கப்போவது இவனைப் பார்த்துத்தான் என்று. ஷோ அவர் பெயரில். அவர் நினைத்திருந்தால் நாட்ஸின் வசனத்தை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. தான் ஒதுங்கிக்கொண்டு, எடுத்துக் கொடுக்கிற ஆளாக மாறினார். அந்த வேஷத்துக்கு நாட்ஸ் ஐந்து எம்மி வாங்கினார். கிரிஃபித்துக்கு அதே ஷோவுக்காக ஒன்றுகூட இல்லை. அஞ்சு வருஷத்தோடு முடித்துக்கொள்வதாக கிரிஃபித் சொல்லிவந்ததை நம்பி நாட்ஸ் சினிமாவுக்கு ஒப்பந்தம் போட்டார். இவர் மனசை மாற்றித் தொடர்ந்தார். நாட்ஸ் போனதுமே சீரியல் கலருக்கு மாறியது. கலர் வந்தும் என்ன? எனக்கு அந்தக் கறுப்பு வெள்ளைக் கதைகள் 159தான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, இசக்கி. திருச்சி லாட்ஜ் ஞாபகம்.

1979. பாளையங்கோட்டையில் நம் நாடகம் போட்டோமே, நான் இன்ஸ்பெக்டர், நீ கான்ஸ்டபிள். எழுதினது நான், இயக்கினது நான், கதாநாயகன் நான். திருடன் சுவரேறிக் குதிக்கிறான், நீ விசிலை எடுத்து ஊதுகிறாய், சத்தம் வரவில்லை. விசிலைத் தட்டுகிறாய், சட்டையில் துடைக்கிறாய், மறுபடி ஊதுகிறாய், வெறும் காற்று. கடைசியில் நீயே வாயால் "பீப்பீ" என்கிறாய். கூட்டம் எழுந்து நின்றது. தப்பளாம்புலியூரார் பெஞ்சு மேல் ஏறினார். அந்த விசில் காட்சியை நான் எழுதவே இல்லை, நீயாகச் சேர்த்தது. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் திருச்சிப் போட்டி. முந்தின ராத்திரி லாட்ஜில் சொன்னேன்: "நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிக்கணுமாம்ல, விசில் சீனை எடுத்திரணும்." நீ ஒன்றும் கேட்கவில்லை. "சரிடே" என்றாய். விசிலைத் துணிப்பைக்குள் போட்டாய்.

நாப்பது நிமிஷம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

நமக்குப் பரிசு கிடைக்கவில்லை, அது எனக்கு நல்லா வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது செட்டுக்குக் கொண்டுபோன கட்டிலை பஸ் மேல் ஏற்றிக் கட்டினது நீதான். அடுத்த வருஷம் நடிக்கக் கூப்பிட்டபோது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாய். அப்புறம் கூட்டுறவு வங்கி, கல்யாணம், பிள்ளைகள். அப்பா உடம்பு காரணமா, நான் காரணமா என்று இத்தனை வருஷமாக உன்னிடம் கேட்கவே இல்லை. உனக்குத் தெரியுமோ என்றும் சந்தேகம். தெரிந்தும் சும்மா இருந்தாயோ? அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

2006இல் நாட்ஸ் சாகக் கிடந்தபோது கிரிஃபித் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். மற்றவர்களுக்கு டான், இவருக்கு மட்டும் 'ஜெஸ்'. முழுப் பெயர் ஜெஸ்ஸி டொனால்ட் நாட்ஸ். நீ அங்கே மார்பில் வயரை மாட்டிக்கொண்டு கிடந்தபோது நான் இங்கே ரிமோட்டை வைத்துக்கொண்டு பார்னியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தை மாசம் வருகிறோம், டிக்கெட் போட்டாச்சு. நாடகம் எழுதின நோட்டு என்னிடம் இருக்கிறது, அட்டை மட்டும் கரையான் அரித்துவிட்டது. விசில் காட்சி அதில் கிடையாது. நான்தான் எழுதவே இல்லையே. நீ ஒரு பக்கத் தாளில் அதை எழுதி வை, எத்தனை தட்டு, எத்தனை துடைப்பு, எல்லாம். வார்டன் மகன் கல்யாணத்துக்கு நம் பயல்கள் அத்தனை பேரும் வருகிறான்கள் என்று தூக்குச்சட்டி சொன்னான். முதல் நாள் ராத்திரி சும்மாதானே கிடப்போம்.

இந்தத் தடவை கான்ஸ்டபிள் நீ, இன்ஸ்பெக்டர் நான், பழையபடிதான். எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. மாத்திரையை ஒழுங்காகப் போடு. காக்கிச் சட்டை உன் தொப்பைக்கு எட்டாது, அதற்கு வேண்டுமானால் ஏதாவது பார்ப்போம்.

உன்,
பரமசிவன்

பி.கு.: பதில் எழுது. "சவத்தை விடுல" என்று ஒரு வரியில் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.