விற்கிறவரைப் பிடிக்கிற சட்டம் வேண்டும்

மதிப்புக்குரிய மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கெடா, பீடோங் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாலு கடை தள்ளி ஒரு வேப் (மின்சிகரெட்) கடை இருக்கிறது. சம்பள நாளில் தோட்டத்துப் பையன்கள் என்னிடம் அரிசியும் சார்டின் டின்னும் வாங்கி வண்டியில் மாட்டிவிட்டு, நேரே அங்கேதான் போவார்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் அக்கா மகன் அங்கே வாங்கிய திரவத்தை இரண்டு இழுப்பு இழுத்தான். என் கடை வாசலிலேயே விழுந்தான். கண் மேலே செருகிவிட்டது. மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டதே, "பாட்டிலில் என்ன இருந்தது?" என்றுதான். பாட்டிலை நீட்டினேன். மாம்பழப் படம் மட்டும் இருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்னும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறானாம்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "அவனுக்குப் பத்தொன்பது வயசு அண்ணே, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார்.

2023 மார்ச் 31 அன்று வேப்பில் ஊற்றுகிற நிக்கோட்டின் திரவத்தைச் சுகாதார அமைச்சர் விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று வரம்பு வைத்த 852-ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் பதினெட்டு மாதம் பள்ளிப் பிள்ளைக்கு விற்றாலும் தடுக்கச் சட்டமில்லை. அந்த ஓட்டை அடைபட்டது, சரி. ஆனால் வயது வந்தவனுக்கு விற்கிற பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? போதைச் சரக்கு கலந்திருந்தால்?

1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் பட்டியலை வைத்து நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் செய்கிறவன் மூலக்கூறில் ஒரு கண்ணியை மாற்றினால் போதும், பட்டியலில் இல்லாத புதுச் சரக்கு கைக்கு வந்துவிடும். அரசாங்கம் அதன் பெயரைச் சேர்ப்பதற்குள் அடுத்தது வந்திருக்கும்.

அயர்லாந்தும் இப்படித்தான் தவித்தது. 'மனிதர் உட்கொள்ள அல்ல' என்று உறையில் எழுதி, குளியல் உப்பு, செடி உரம் என்ற பெயரில் கடை போட்டு விற்றார்கள். 2010-இல் அங்கே புதுச் சட்டம் வந்தது. மூளையைப் பாதித்துப் போதை தருகிற பொருளை, மனிதர் உட்கொள்வார்கள் என்று தெரிந்தே விற்றால், பெயர் எதுவானாலும் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை. விற்பனையை நிறுத்தவும் கடையை மூடவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். கடைகள் மளமளவென்று மூடின. பிரிட்டன் 2016-இல் இதே வழிக்கு வந்தது. இரண்டு சட்டமுமே தன் உபயோகத்துக்கு வைத்திருக்கிற பையனை விட்டுவிட்டு, விற்கிறவரைப் பிடிக்கின்றன. எனக்கு வேண்டியதும் அதுதான். என் அக்கா மகனை லாக்கப்பில் வைத்து யாருக்கு என்ன லாபம்?

கடையை மூடினால் வியாபாரம் இணையத்துக்குப் போகும் என்பார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை வீட்டுக்கு நடக்கிற வழியில், விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருக்காதே.

கடை வைத்து நம் ஆட்களைக் கெடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1947-இல் இதே பீடோங் வட்டாரத்தில், தோட்டத் தமிழர்கள் சேர்ந்து அமைத்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று போலீஸிடம் அடிபட்டார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் அன்றைக்குக் கடையின் பக்கம் நின்றது. இன்றைக்கு இருப்பது நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றம்.

அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதாவைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு சம்பள நாள் சாயங்காலம் பீடோங்குக்கு வாருங்கள். அந்த மாம்பழப் பாட்டில் இன்னும் என் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது. தருகிறேன், சோதித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பீடோங் மளிகைக் கடைக்காரன்