கொன்றை மரத்துக்கு விழுந்த திட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்ததால் படிக்க ரெண்டு நாள் தள்ளிப்போனது. அறுவை நல்லபடியாக முடிந்தது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது. வீட்டு ஒட்டடையும் தெரிகிறது, அதுதான் தொல்லை.

கவிதையில் மழை வந்தால் சோகம், வசந்தம் வந்தால் காதல், இலை உதிர்ந்தால் சாவு, இதெல்லாம் உனக்குச் சலிக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். சலிக்கத்தான் செய்கிறது. பருவத்தை நாடகத் திரை மாதிரி பின்னால் தொங்கவிட்டால் வேறென்ன ஆகும்?

சங்கப் பாட்டில் பருவம் என்பது தவணை. முல்லைத் திணைக்குக் கார் என்ற மழைக்காலமும் மாலைப்பொழுதும், பாலைத் திணைக்கு வேனிலும் நண்பகலும் என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது, சரி. அந்த இலக்கணம் பாட்டுக்குள் வரும்போதுதான் உயிர் பெறுகிறது. பொருள் தேடிப் போகிறவன் தேதியா சொல்கிறான்? 'கார் தொடங்கும்போது வந்துவிடுவேன்' என்கிறான். அப்புறம் வீட்டில் இருப்பவளுக்குக் காடுதான் காலண்டர். ஒரு கொன்றை பூத்தால் போதும், வயிற்றைக் கலக்கும்.

குறுந்தொகை 66ஐ எடுத்துப் பார். கொன்றை கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டது, ஆள் வரவில்லை. தோழி மரத்தைப் பிடித்துத் திட்டுகிறாள்: 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை'. இதுகளுக்குக் கொஞ்சமும் அறிவில்லை, அவர் சொன்ன பருவம் இன்னும் வரவே இல்லை, ஏதோ காலம் தப்பிப் பெய்த 'வம்ப மாரி'யைக் கார் என்று நினைத்துப் பூத்துத் தொலைத்துவிட்டன என்கிறாள். அது கார்தான் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்டுக்கொண்டிருப்பவளுக்கும்தான் தெரியும்.

21ஆம் பாட்டில் தலைவியே பேசுகிறாள். பொன் நகை சூட்டிய கூந்தல் மாதிரி கொன்றை பூத்துக் கிடக்கிறது. 'கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன், அவர்பொய் வழங்கலரே.' காடே வந்து சாட்சி சொன்னாலும் நம்பமாட்டாளாம். இந்தப் பிடிவாதமும் அழகுதான். ஆனால் எனக்குத் தோழியைத்தான் பிடிக்கிறது. தனக்காக இல்லாமல் இன்னொருத்திக்காகப் பொய் சொல்கிறாளே.

ஜப்பானின் ஹைக்கூக்காரர்கள் இன்னும் சிக்கனம். வெறுமனே நிலா என்று சொன்னால் அது இலையுதிர்கால நிலா. ஒரே சொல்லில் பருவம் வந்து உட்கார்ந்துவிடும். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு என்று அங்கே அகராதியே வைத்திருக்கிறார்கள்; அகராதி பார்த்து எழுதியதும் நிறைய இருக்கும் என்று வை.

அது போகட்டும். மழை பிடிப்பதற்குள் ஊர் வந்துவிடுவேன் என்று உன் மகள் சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருந்தாயே, டிக்கெட் போட்டுவிட்டாளா? நேற்று இங்கே ஒரு மணி நேரம் விடாமல் கொட்டியது. அங்கேயும் பெய்திருக்கும். தங்கச்சி கேட்டால், இது சும்மா கோடை மழை, நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விடும் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன்,
பழைய நண்பன்