எறும்பளவு எழுத்தும் எங்கள் வீட்டுப் புடவையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முதல் பக்கம் ஜவுளிக் கடைகளுக்குப் போய்விடுவது வழக்கம்தான். அண்மையில் வந்த அத்தகைய விளம்பரம் ஒன்றில் ‘50% தள்ளுபடி’ என்பது உள்ளங்கை அகலத்தில் அச்சாகியிருக்க, அதன் காலடியில் ‘வரை’ என்னும் சொல் எறும்பு போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த எறும்பைக் கவனிக்காமல் கடைக்குப் போன என் மனைவி, தாம் எடுத்த புடவைக்கு 10% மட்டுமே குறைத்ததாகச் சொன்னபோது, அவரைவிட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்துக் கோத்தவன் நான். இருப்பதிலேயே சிறிய ஈய எழுத்தைப் பொறுக்கி ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று எத்தனையோ நோட்டீஸ்களில் கோத்த பாவம் எனக்கும் உண்டு.

இந்தச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நல்ல நகைச்சுவை கிடைக்கிறது. எங்கள் ஊர் வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஹெல்மெட்டுக்கும் பெட்ரோலுக்கும் வண்டியில் வைத்த பொருளுக்கும், கடைசியில் வண்டிக்குமே நிர்வாகம் பொறுப்பல்ல என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் கட்டணம் எதற்கு என்று கேட்டால், அது நிற்கும் இடத்துக்காம். சலவைக் கடை ரசீது, சாயம் போனாலும் சுருங்கினாலும் கிழிந்தாலும் தாங்கள் பொறுப்பல்ல என்கிறது. முந்திரி மினுங்கும் உப்புமா மிக்ஸ் பாக்கெட்டின் ஓரத்தில், படம் பரிமாறும் யோசனைக்காக மட்டுமே என்று இருக்கிறது. வானொலியில் மியூச்சுவல் ஃபண்டு பற்றி அன்பொழுக நிதானமாகப் பேசுகிறவர், சந்தை அபாயம் என்ற இடம் வந்ததும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் வழி சொல்வதைப் போல ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்துவிடுகிறார்.

ஆனால் இந்த வரிகளை அச்சடித்தவர்கள் நம்புகிற அளவுக்கு இவற்றுக்குச் சட்டத்தில் பலம் இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் போட்டிருந்தாலும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. டெல்லி நட்சத்திர விடுதி ஒன்றில், ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போன வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது.

விளம்பரங்களுக்கோ தனி விதியே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் உறுதிமொழி எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். பெரிய எழுத்து சொல்வதைச் சிறிய எழுத்து மறுக்கவும் கூடாது. நான் சொன்ன ஆடி விளம்பரத்தில் அழைப்பெல்லாம் தமிழில் இருந்தது. நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

ஆகவே, தங்கள் விளம்பரப் பிரிவினர் இந்த நெறியைக் கடைப்பிடிக்குமாறு தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன். வரி விளம்பரப் பக்கத்தின் அடியில், விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று தங்கள் நாளிதழும் ஒரு கட்டம் வெளியிடுகிறது. பழைய பழக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 6 பாயிண்டுக்கு மேல் தேறவில்லை. திருத்தத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.