சின்னவனுக்கு நான் சொன்ன பிழையான பதில்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு போனில் சின்னவன் என்னை மடக்கிவிட்டான். பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கிற நம் நெடுந்தீவைப் பற்றி எழுதப்போகிறானாம், "அம்மப்பா, அங்கே நிற்பது காட்டுக் குதிரைகளா?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் பிழை விளங்கியது, நீதான் அவனுக்குத் திருத்திச் சொல்லவேண்டும்.

அவை கட்டாக்காலிகள், மனிதர் வளர்த்துப் பிறகு கேட்பாரின்றி அலைய விட்டவை. போர்த்துக்கேயர் காலத்திலேயே வந்தவை என்று சொல்வார்கள், ஒல்லாந்தர் இங்கே வைத்து வளர்த்தார்கள், பிறகு 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நோலன் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் குதிரை வளர்ப்பில் மும்முரமாக இருந்தார். கடைசியில் குதிரைக்கு வேலையும் இல்லை, கேட்பாரும் இல்லை. கொண்டுவந்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. நம் தீவுக்கு டெல்ஃப்ட் என்ற பெயரும் அப்படித்தான், ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். நீ பொந்துக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அழுத பெருக்கமரம்கூட ஆப்பிரிக்க இனம், அரபு வணிகர் கொண்டுவந்ததாக இருக்கும் என்கிறார்கள்.

ஊருக்கே உரியது எது என்று கேட்டால் நான் கல்லைத்தான் காட்டுவேன். நம் படலைக்குப் பக்கத்து வேலியில் மூளை மாதிரி வளைந்து வளைந்து கோடு ஓடுகிற கல் ஒன்று இருக்கிறதே, நீ விரலை வைத்து வழி தேடி விளையாடுவாய், அது ஒரு காலம் கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்த முருகை, பவளப்பாறை என்பார்களே அது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி மாதிரி உயிர்கள் கட்டியது. அதைச் சாந்து பூசாமல் சும்மா அடுக்கித்தான் தீவெல்லாம் வேலி, காற்று இடுக்கால் புகுந்து போய்விடும். தீவிலுள்ள பழைய கோட்டையும் முருகைக்கல்தான். அது இடிந்து கிடக்கிறது, நம் வேலி நிற்கிறது!

தண்ணீர்ச் சங்கடத்துக்கும் நிலத்தடிக் கல்தான் காரணம். மழைநீர் அதன் துளைகளால் இறங்கி, கீழே கிடக்கிற கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும், நல்ல தண்ணீர் கனம் குறைவுதானே. வாளியால் அளவாக அள்ளினால் குடிக்கலாம், ஆசைப்பட்டு பம்பு போட்டு இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். ஆறும் கிடையாது. கோடையில் குட்டைகள் வற்றும்போது முதலில் விழுவது குதிரைகள்தான்.

போன ஆவணியில் ஒரு குட்டி வெடித்த சேற்றுக்கு நடுவில் படுத்துக் கிடந்தது. வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். குட்டி எழும்பவில்லை. தாய் வாளியை மணந்துகூடப் பார்க்காமல், வாலால் குட்டிமேல் ஈ விரட்டிக்கொண்டு பின்னேரம் வரைக்கும் நின்றது. மறுநாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

2015இல் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். நல்லதுதான், ஆனால் பூங்கா என்று எழுதிவைத்தால் மழை பெய்யுமா?

சரி, இந்தக் குட்டிக் கதையைச் சின்னவனிடம் சொல்லாதே. வருவதென்றால் மாசியில் கூட்டிக்கொண்டு வா, மாரி மழைக்குப் பிறகு புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் மினுங்கிக்கொண்டு நிற்கும். குறிகட்டுவான் துறையிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், உனக்குத்தான் வயிற்றைப் பிரட்டுமே, ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிடாதே.

அப்பா