செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள சிறு உற்பத்தியாளர் பெருமக்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு மட்டும் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம். ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது.

இந்த ஆண்டு அடுத்தடுத்துச் சட்ட மாற்றங்கள் வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் இல்லை. ஆயத்த ஆடைக்கு உருப்படி ஒன்று ₹2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பணியாளர் ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வமான நியமனக் கடிதம் வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை ஏற்றிக் காட்டுவதும் இனி உதவாது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தில் சேர்ந்து கிராஜுவிட்டி (பணிக்கொடை) அதன்மேல் கணக்காகும்.

ஷெட் வாடகை விஷயத்தில் இன்னும் பலர் தவறுகிறார்கள். கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீத வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும். கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரி (உள்ளீட்டு வரி) கையிருப்பில் இருந்தாலும் அதில் கழிக்க முடியாது. பணமாகக் கட்டிவிட்டுப் பிறகு வரவு எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நீங்களே பில் போடவும் வேண்டும், அதற்குக் கெடு 30 நாள். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இது இல்லை.

இனி, நம்மிடம் சரக்கு எடுக்கும் கடைகளில் நின்ற பாக்கியை வசூலிக்க, சங்கம் இந்த ஆண்டு முழு மூச்சாக நடத்திய உதவி. சனிக்கிழமை மாலைதோறும் அலுவலகத்தில் பில்களைப் பார்த்து, கடிதம் எழுதிக் கொடுத்து, விண்ணப்பம் ஏற்றிக் கொடுத்தோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதில் சொன்ன தேதியிலும் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியும் இதோடு சேர்ந்துகொண்டது. உதாரணமாக, பிப்ரவரி 20இல் ₹3 லட்சம் சரக்கு இறங்கியது, ஒப்பந்தம் இல்லை. கெடு மார்ச் 7. மார்ச் 31 வரையும் தரவில்லை என்றால், அந்த ₹3 லட்சம் கடைக்காரருக்கு அந்த ஆண்டுச் செலவாகாது, வருமானத்தில் ஏறிவிடும். இதே மார்ச் 10இல் இறங்கி 45 நாள் ஒப்பந்தம் இருந்தால், ஏப்ரல் 24 வரை கொடுத்தாலும் அவருக்குப் பாதகமில்லை. ஆகவே ஒப்பந்தம் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. இதை விளக்கிய பிறகுதான் பல கடைகள் கையெழுத்துப் போட்டன. உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று மிரட்டியவர்களும் உண்டு. அதற்கு யாரும் இணங்க வேண்டாம்.

விண்ணப்பங்கள் தடுமாறிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். சிலர் சரக்கு அனுப்பி, பாக்கி நின்ற பிறகு உத்யம் பதிவு செய்தார்கள். பழைய பில்லுக்கு அந்தப் பதிவு பலன் தராமல் போகிறது. சிலருக்கு கம்ப்யூட்டர் சென்டரில் தொழில் வகையை வியாபாரம் என்று தட்டிவிட்டார்கள். வியாபாரிக்கு உத்யம் பதிவு வங்கிக் கடனுக்குத்தான் உதவும், இந்த வசூலுக்கு உதவாது. பதிவு இலவசம், அதற்குப் பணம் கொடுத்தவர்களே தவறான வகையில் மாட்டியிருக்கிறார்கள். இன்னும் சிலரிடம் சரக்கு இறங்கியதற்கே சான்று இல்லை. டெலிவரி சலானில் தேதியோடு கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளே சரக்கை ஏற்றுக்கொண்ட நாள், கெடு அதிலிருந்துதான். உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள்.

இந்தப் பாக்கி விண்ணப்பங்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. முதலில் சமரசம், முடியாவிட்டால் தீர்ப்பு. அதை எதிர்த்து நீதிமன்றம் போகும் கடைக்காரர் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதனால்தான் நோட்டீஸ் போன உடனேயே பேச்சுக்கு வருகிறார்கள்.

இத்தனை இருந்தும் சனிக்கிழமைகளில் வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். கூட்டத்துக்கு ஒரு முறையும் வராதவர்கள் பாக்கி முற்றிய பிறகு இரவில் போன் செய்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் சந்தா இன்னும் வரவில்லை. இரண்டு ஆண்டு நிலுவையும் உண்டு. கடைக்காரர் 45 நாளில் தர வேண்டும் என்று கேட்கும் நாம், நம் சந்தாவை 365 நாளாகியும் தரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவு ஏறக்குறைய சமம். சிறு பற்றாக்குறை நன்கொடையில் ஈடுசெய்யப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை செய்து தந்த ஆடிட்டருக்கும், தலைவருக்கும், அலுவலக உதவியாளருக்கும் நன்றி.

இந்த ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 45 நாள் விதி அதிலும் தொடர்கிறது. பிரிவு எண்கள் மட்டும் மாறியிருப்பதால் கடித மாதிரிகளைப் புதிதாக அடிக்க வேண்டும். சனிக்கிழமை உதவியாளருக்கு ஜூன் வரைதான் சம்பளம் ஒதுக்க முடிந்திருக்கிறது. சந்தா நிலுவைப் பட்டியலை இந்த முறை பலகையில் ஒட்டவில்லை. ரசீதுப் புத்தகம் இந்த மாதம் முழுவதும் மாலை 5 முதல் 8 வரை அலுவலகத்தில் இருக்கும்.

செயலாளர்