மூலிகைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, பினாங்கு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் படிப்பார். தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காச் சுற்றுலாவும் பொங்கல் நாற்று விநியோகமும் குறையின்றி நடந்தன.

மற்றபடி ஆண்டு முழுவதும் திசு வளர்ப்பு நாற்றுகளை, அதாவது செடியின் சிறு துண்டிலிருந்து கிருமியில்லாத புட்டிக்குள் வளர்த்த நாற்றுகளை, பற்றித்தான் பேச்சு. புட்டிக்குள் பச்சைப்பசேலென்று இருந்த நீர்ப்பிரம்மியும் கற்பூரவள்ளியும் வெளியே நட்டதும் துவண்டுவிட்டன. விற்றவரைத் திட்டிப் பயனில்லை. புட்டிக்குள் காற்று எப்போதும் ஈரமாக இருப்பதால் இலையின் மெழுகுப் பூச்சு மெலிந்துவிடுகிறது. இலைத்துளைகளும் சரியாக மூடுவதில்லை. சில இலைகள் நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகி, விரல் பட்டாலே முறிந்துவிடும்.

இதற்கு நன்மை செய்யும் பாக்டீரியா கைகொடுக்கும். 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓரிகானோ துளிர்களுடன் சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் சேர்த்து வளர்த்து, இந்தக் கண்ணாடித்தன்மையைத் தடுத்தார்கள். வெங்காய வேரிலிருந்து பிரித்தெடுத்த வேறொரு பாக்டீரியா உருளைக்கிழங்கு நாற்றின் வேரையும் தண்டையும் வலுப்படுத்தியது. செடியில் எத்திலீன் என்னும் வாயு ஹார்மோனாக மாறவேண்டிய பொருளைச் சிதைக்கும் நொதி அந்தப் பாக்டீரியாவிடம் உண்டு. எத்திலீன் மிகுந்தால் வேர் வளர்ச்சி தடைப்படும்.

இதைக் கேட்டதும், மண்புழு உரக் கரைசலில் ஒரு சொட்டைப் புட்டிக்குள் விடலாமே என்றார் ஓர் உறுப்பினர். கூடவே கூடாது. புட்டியில் நாற்று வளரும் அகார் கூழான ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. தீபாவளிக்குக் கிண்டிய அகார்-அகார் இனிப்பை மூடாமல் வெளியே வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும். 121 டிகிரி நீராவியில் ஊடகத்தைக் கிருமி நீக்குவது வீண்வேலையன்று. தேர்ந்தெடுத்த ஒரே வகைப் பாக்டீரியாவை அளவோடு சேர்ப்பது ஆய்வுக்கூடத்தாரின் வேலை.

நாம் செய்யக்கூடியது, புட்டியிலிருந்து எடுத்த பிறகு வேர் நனைப்பது. வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் சிறிதும் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மழைநீரில் கரைத்த பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவின் பொடியில் வேரை நனைத்து, தேங்காய் நார்த்தூளில் நட்டு, நாற்றுத் தட்டைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அந்த வாரங்களில் செம்பு கலந்த மருந்து தெளித்தால் பாக்டீரியாவும் சாகக்கூடும், செலவும் வீணாகலாம்.

நனைத்து நட்ட வல்லாரை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் நனைக்காத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாததால், அது பாக்டீரியாவின் புண்ணியமா, மழைக்காலத்தின் புண்ணியமா என்று அறுதியிட முடியவில்லை. வரும் ஆண்டு ஒவ்வொரு தட்டிலும் பாதியை மட்டும் நனைத்து நட வேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம். இதை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் தேவை.

செயலாளர்